கீச்சிடும், கொதிக்கும், தெறிக்கும்: செர்பன்டைன் பெல்ட்டுக்கு மாறிய பழைய செவர்லே எஞ்சினில் பிழை நீக்கும் வழிமுறை

1960களின் கடைசியில் வந்த கமாரோ, செவெல், நோவா கார்களில் இருக்கும் 327, 350 (கன அங்குலக் கொள்ளளவு) ஸ்மால் பிளாக் எஞ்சின்கள் இரண்டு அல்லது மூன்று வி-பெல்ட்டில் ஓடியவை. அவற்றைக் கழற்றிவிட்டு, நீளவாக்கில் ஆறு வரி கொண்ட, எல்லாப் புல்லிகளையும் பாம்புபோல் வளைந்து சுற்றும் ஒரே செர்பன்டைன் பெல்ட்டில் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், ஏ.சி. கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஓட்டுவது இன்று மசில் கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. மாட்டுவதற்கு ஒரு சனி, ஞாயிறு போதும். மாட்டிய பிறகு வரும் சத்தத்துக்கும் சூட்டுக்கும் காரணம் தேடுவதில்தான் வாரக்கணக்கில் போகும். பெரும்பாலானோர் முதலில் செய்வது புதுப் பெல்ட் வாங்குவது. அது காசுக்குக் கேடு. கழற்றிய பெல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்த வரிசையில் சோதிப்பது என்று சொல்லியிருக்கிறோம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விதி.

சுழலும் திசை

காருக்கு முன்னால் நின்று பார்த்தால், எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் கிராங்க் புல்லி வலஞ்சுழியாகச் சுற்றும். பெல்ட்டின் வரியுள்ள பக்கம் தொடும் புல்லிகள் எல்லாம் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும். பெல்ட்டின் வழவழப்பான முதுகு தொடும் புல்லிகள் எதிர்த்திசையில் சுற்றும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. பானெட்டைத் திறந்து ஒவ்வொரு புல்லியையும் விரலால் தொட்டு, எந்தப் பக்கம் உரசுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சோதனைகளுக்கு இந்தத் தாள் வேண்டும்.

## எஞ்சின் கொதிக்கிறது

வி-பெல்ட்டில் இருந்தவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின், மாற்றிய முதல் நாளே கொதித்தால், சந்தேகம் முதலில் வாட்டர் பம்ப் மேல் விழ வேண்டும்.

வி-பெல்ட் காலத்துப் பம்ப் கிராங்க்கோடு ஒரே திசையில் சுற்ற வார்க்கப்பட்டது. செர்பன்டைன் அமைப்பு பலவற்றில் பம்ப் புல்லியைப் பெல்ட்டின் முதுகுதான் ஓட்டும். அதாவது பம்ப் இடஞ்சுழியாகச் சுற்றும். இதற்கென்று எதிர்ச்சுழல் பம்ப் தனியாக உண்டு. 1984 கார்வெட்டிலும் 1988க்குப் பிந்தைய செவர்லே டிரக்குகளிலும் வந்தது அந்த வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட் ஓட்டைகளும் அப்படியே பொருந்தும், ஒழுகாது, சத்தமும் போடாது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரமான இம்பெல்லர் தப்புத் திசையில் சுற்றுவதால் தண்ணீர் ஓரளவு நகரும், ஆனால் தேவையான அளவில் பாதிகூட நகராது. ஐடிலில் பத்து நிமிடம் தாங்கிவிட்டு, சாலையில் ஏறியதும் முள் மேலே போகும்.

தாளைப் பாருங்கள். பம்ப் புல்லியை வரியுள்ள பக்கம் தொட்டால் சாதாரணப் பம்ப் வேண்டும். முதுகு தொட்டால் எதிர்ச்சுழல் பம்ப் வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் பாக எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். புதுப்பித்து விற்கும் பம்புகளில் பெட்டி மாறிப்போவது புதிதல்ல. பம்பைக் கழற்றிப் பின்தகட்டை எடுத்து இம்பெல்லரைப் பாருங்கள். இதழ்களின் வளைவு, சுற்றும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இதழ்கள் நேராக இருந்தால் கண்ணால் முடிவு கட்ட முடியாது; அப்போது வார்ப்பு எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் வழி.

பம்ப் சரி என்றால் எப்போது கொதிக்கிறது என்று கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது கொதித்து, வேகமாக ஓடும்போது இறங்கினால் குறை காற்றில். நெடுஞ்சாலையில் கொதித்து, நிற்கும்போது இறங்கினால் குறை தண்ணீர் ஓட்டத்தில்.

காற்றுக் குறை என்றால் விசிறியைப் பாருங்கள். எதிர்ச்சுழல் பம்பின் மேல் பழைய விசிறியையே மாட்டியிருந்தால் அது காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் முன்பக்கமாகத் தள்ளும். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் கிரில் பக்கமாக ஒரு தாளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து விழுந்தால் விசிறி தப்பு. விசிறியைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். இதழின் சாய்வுக் கோணம் திருப்பினாலும் மாறாது. எதிர்ச்சுழலுக்கான விசிறியும், ஃபேன் கிளட்ச் இருந்தால் அதற்கேற்ற கிளட்ச்சும் வாங்க வேண்டும். மின்விசிறி போட்டிருந்தால் ஒயரை மாற்றி இணைத்ததும் இதே அறிகுறியைக் காட்டும். விசிறி இதழின் அகலத்தில் பாதி ஷ்ரவுடுக்குள்ளும் (விசிறியைச் சுற்றியிருக்கும் கூடு) பாதி வெளியிலும் இருக்க வேண்டும். பம்ப் நீளம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

அந்த நீளம் முக்கியமானது. 1968 வரை வந்தது குட்டைப் பம்ப்: பிளாக்கில் பதியும் முகத்திலிருந்து புல்லி உட்காரும் முகம்வரை சுமார் 5 5/8 அங்குலம். 1969 முதல் கார்வெட் தவிர மற்றவற்றுக்கு நீளப் பம்ப் வந்தது, சுமார் 6 15/16 அங்குலம். 1967 கமாரோவில் நீளப் பம்புக்கான கிட்டை (இந்த மாற்றத்துக்கான பாகங்கள் சேர்ந்து வரும் தொகுப்பு) மாட்டினால் விசிறி 1 5/16 அங்குலம், அதாவது 33 மி.மீ. ரேடியேட்டரை நோக்கி நகரும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 மி.மீ. இடமாவது வேண்டும், எஞ்சின் மவுண்ட் ரப்பர் பழசாக இருந்தால் அதுவும் போதாது.

தண்ணீர் ஓட்டக் குறை என்றால் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே சுருள்கம்பி இல்லாத ஹோஸ், நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் சப்பிப்போகும். ஒருவர் ஆக்சிலரேட்டரை ஏற்ற, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## சத்தம்: கீச்சா, கிரீச்சா

இரண்டும் வேறு. கீச்… கீச்… கீச்… என்று குருவி கத்துவதுபோல் விட்டு விட்டுத் தாளத்தோடு வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. ஆக்சிலரேட்டரை ஏற்றும்போதோ ஏ.சி. போடும்போதோ கிரீச்ச்ச் என்று இழுத்துக்கொண்டு வந்தால் பெல்ட் வழுக்குகிறது.

காது நம்பிக்கை தரவில்லை என்றால் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் பீய்ச்சுங்கள். சத்தம் சில நொடிகள் அடங்கி மறுபடி வந்தால் அலைன்மெண்ட் குறை. சத்தம் அதிகமானால் டென்ஷன் குறை. கையும் சட்டையின் கையும் விசிறியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பெல்ட்டில் தடவும் பிசின் ஸ்ப்ரேக்களை வாங்க வேண்டாம். இரண்டு நாள் சத்தம் நிற்கும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு புல்லியின் காடிகளை (வரிகள் பதியும் பள்ளங்களை) அடைத்துவிடும்.

டென்ஷன் குறைக்கு முதல் காரணம் பெல்ட் நீளம். பெல்ட்டை ஸ்பிரிங் விசையால் இறுக்கிப் பிடிக்கும் தானியங்கி டென்ஷனரின் உடலில் மூன்று கோடுகள் அல்லது ஒரு சாளரமும் அதில் அசையும் முள்ளும் இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது முள் சாளரத்தின் நடுவில் நிற்க வேண்டும். பெல்ட் நீளமாகிவிட்டால் முள் ஒரு ஓரத்துக்குப் போய்விடும். அங்கே ஸ்பிரிங்கில் விசை மிச்சமில்லை. நீளத்தை மாற்ற பெல்ட் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். கே 060923 என்றால் 6 வரி, 92.3 அங்குலம். அதே பெல்ட்டை மெட்ரிக்கில் 6 பி.கே. 2345 என்று போடுவார்கள். 6 வரி, 2345 மி.மீ. அரை அங்குலம் குறைவாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். கிட்டில் வந்த பெல்ட்தான் சரி என்ற எண்ணம் வேண்டாம். ஆல்டர்னேட்டர் புல்லியைச் சின்னதாக மாற்றியிருந்தாலே கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது காரணம் சுற்றுக்கோணம். ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது, இழுக்கும் சுமை பெரியது. அதைப் பெல்ட் குறைந்தது 120 டிகிரி, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது, சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். 90 டிகிரிதான் பிடித்திருக்கிறது என்றால் டென்ஷனை ஏற்றி ஏற்றி பேரிங்கைக் கெடுப்பதைவிட, பக்கத்தில் ஒரு ஐட்லர் புல்லி (எதையும் ஓட்டாமல் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றுவது) சேர்ப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, டென்ஷனர் இருக்கும் இடம். கிராங்க் பெல்ட்டை இழுத்துக்கொள்ளும் பக்கம் இறுக்கமானது. விட்டுவிடும் பக்கம் தொய்வானது. முன்னால் நின்று பார்த்தால் உங்கள் இடப்பக்கம் மேலேறிச் செல்லும் பெல்ட்தான் தொய்வுப் பக்கம். டென்ஷனர் அந்தப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இறுக்கமான பக்கத்தில் வைத்தால், சுமை ஏறும்போதெல்லாம் பெல்ட் டென்ஷனரையே தூக்கிவிடும், மறுபக்கம் தொங்கிப்போகும். சொந்தமாகப் பிராக்கெட் வெட்டிச் செய்தவர்களிடம் இந்தப் பிழை அடிக்கடி தென்படும்.

எண்ணெயும் ஒரு காரணம்தான். பவர் ஸ்டியரிங் ஆயில் பட்ட பெல்ட் வீங்கி மென்மையாகிவிடும். கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்; ஆனால் ஒழுகலை அடைத்த பிறகு மாற்றுங்கள்.

## பெல்ட் ஓரம் பிய்கிறது, ஒரு வரி தள்ளி ஓடுகிறது, தெறித்து வெளியே போகிறது

மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள். பெல்ட்டின் வரிக்கும் வரிக்கும் இடைவெளி 3.56 மி.மீ.தான். ஒரு புல்லி அந்த அளவு முன்னே பின்னே போய்விட்டால் பெல்ட் ஒரு காடி தள்ளி உட்கார்ந்துவிடும். ஒரு வரி புல்லிக்கு வெளியே தொங்கும். அறுந்த நூல் விசிறியில் அடிக்கும்.

அளப்பது இப்படி. 300 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு புல்லிகளுக்கு நடுவே 1.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. இடைவெளி 150 மி.மீ. என்றால் 0.75 மி.மீ.தான் அனுமதி. இதைப் பலர் கவனிப்பதில்லை: பெல்ட் படும் கோணம்தான் கணக்கு, எத்தனை மி.மீ. என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. தூரத்தில் உள்ள புல்லி 2 மி.மீ. தள்ளியிருந்தாலும் பெல்ட் தாங்கும். பக்கத்தில் உள்ளது 1 மி.மீ. தள்ளியிருந்தால் கீச்சிடும்.

புல்லிகளின் வெளி விளிம்பில் ஸ்கேலை வைத்து அளக்க வேண்டாம். ஒரு புல்லியின் விளிம்பு 2 மி.மீ. தடிமன், இன்னொன்றுக்கு 5 மி.மீ. இருக்கும். காடிக்குள் உட்காரும் லேசர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காடியில் சரியாகப் பதியும் மெல்லிய நேரான எஃகுக் கம்பி போதும். கிராங்க்கின் முதல் காடியில் வைத்து அடுத்த புல்லிக்கு நீட்டிப் பாருங்கள். கிராங்க்கை மாற்ற முடியாது. அதுதான் அளவுகோல், மற்றவற்றை அதற்கு இசைய நகர்த்துங்கள். முன்னும் பின்னும் மட்டும் பார்க்காமல், புல்லி சாய்ந்திருக்கிறதா என்று மேலிருந்தும் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் பின்பக்கத் தாங்கி இல்லாவிட்டால், பெல்ட்டின் இழுப்பில் முகம் ஒருபக்கமாகச் சாயும். எஞ்சின் நின்றிருக்கும்போது நேராகத் தெரியும், ஓடும்போது சாயும்.

நகர்ந்திருந்தால் ஏன் நகர்ந்தது என்று கண்டுபிடியுங்கள். வழக்கமான காரணங்கள்:

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட்டைத் தாங்கியாக எடுத்துக்கொள்ளும் பிராக்கெட், ஹெடர் (மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் புகைக்குழாய்கள்) மாட்டியவுடன் இடம் மாறிப்போகும். ஹெடர் ஃபிளாஞ்ச் தடிமன் வேறு. அங்கே ஸ்பேசரை அளந்து போட வேண்டும்.

1969க்கு முந்தைய சிலிண்டர் ஹெட்டுகளின் முன் முகத்தில் பிராக்கெட்டுக்கான போல்ட் ஓட்டைகளே இருக்காது. அப்படிப்பட்ட ஹெட்டில் கிட்டை மாட்டியவர்கள், வாட்டர் பம்ப் போல்ட்டுகளை மட்டும் நம்பித் தொங்கவிட்டிருப்பார்கள். பிராக்கெட் ஆடும். குட்டைப் பம்புக்கும் ஓட்டையில்லாத ஹெட்டுக்கும் என்று சொல்லி விற்கும் கிட் தனியாக உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும்.

பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்திப் பொருத்தும் புல்லி சரியான ஆழத்தில் இல்லாமலிருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த சாகினா பம்புகளில் பொதுவாக ஷாஃப்டின் முனையும் புல்லி மையத்தின் முகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இதைச் சுத்தியலால் தட்டி ஏற்றுபவர்கள் பம்பின் உள் தகடுகளையே நொறுக்கிவிடுகிறார்கள். ஷாஃப்டின் நடு மரையைப் பிடித்து இழுக்கும் கருவி, உதிரிபாகக் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும்.

கிராங்க் முனையில் அதிர்வை அடக்கும் ஹார்மானிக் பேலன்சரின் ரப்பர் வளையம் செத்துப்போனால் வெளி வளையம் மெல்ல முன்னோக்கி நகரும். 50 வருடப் பழைய பேலன்சரை வைத்துக்கொண்டு புது கிட் மாட்டுவது வீண். ஒரு சாக்பீஸால் உள் மையத்திலிருந்து வெளி வளையம்வரை ஒரே கோடு போட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் பேலன்சர் முடிந்தது.

எல்லாம் நேராக இருந்தும் 5000 சுற்றுக்கு மேல் மட்டும் பெல்ட் தெறித்தால், நீளமான தாங்கியில்லாத பகுதியில் பெல்ட் அலையடிக்கிறது. நடுவே ஒரு ஐட்லர் போட்டால் அடங்கும்.

சரிசெய்யும்போது ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) எங்கே போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பிராக்கெட்டின் ஒரு காலுக்கு மட்டும் ஷிம் போட்டால் அது முறுக்கிக்கொள்ளும். வார்ப்பு அலுமினியம் என்றால் விரிசல் விடும். எல்லாக் கால்களுக்கும் ஒரே தடிமனில், கடினமாக்கிய எஃகு வாஷர். சாதாரண வாஷர் இறுக்கத்தில் நசுங்கி, மறுபடி லூஸாகும்.

## டென்ஷனர் கை குதிக்கிறது

ஐடிலில் டென்ஷனரின் கை கொஞ்சம் துடிப்பது இயல்பு. 6 மி.மீ.க்கு மேல் ஆடினால் குறை. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின், 700 சுற்றில் தடதடவென்று குலுங்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் வேகம் ஏறி இறங்கும், அது டென்ஷனரில் தெரியும். ஐடிலை 850க்கு ஏற்றிப் பாருங்கள். அடங்கினால் எஞ்சினின் குணம் அது. அடங்காவிட்டால் டென்ஷனரின் உள்ளே உராய்வுத் தகடு தேய்ந்திருக்கிறது. சதுர ஓட்டையில் ராட்செட் போட்டுக் கையை இழுத்துவிட்டுப் பாருங்கள். நல்ல டென்ஷனர் கனத்த எதிர்ப்போடு மெதுவாகத் திரும்பும். டக் என்று திரும்பி வந்தால் மாற்றுங்கள்.

## பேட்டரி சார்ஜ் ஏறவில்லை

முதலில் வோல்ட் மீட்டர். ஓடும் எஞ்சினில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட்வரை வர வேண்டும்.

ஸ்டார்ட் செய்தவுடன் 12.5, ஒருமுறை ஆக்சிலரேட்டரை ஏற்றினால் 14.2, பிறகு ஐடிலிலும் நிற்கிறது என்றால், ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டர் மாட்டியிருக்கிறீர்கள். அது தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளக் கொஞ்சம் வேகம் வேண்டும். விகிதத்தைக் கணக்கிடுங்கள். கிராங்க் புல்லி 6.5 அங்குலம், ஆல்டர்னேட்டர் புல்லி 2.5 அங்குலம் என்றால் விகிதம் 2.6, 700 சுற்று ஐடிலில் ஆல்டர்னேட்டர் 1820 சுற்றில் ஓடும். ரேஸுக்கென்று விற்கும் 5 அங்குலச் சின்ன கிராங்க் புல்லி வந்தால் 1400தான். தெருவில் ஓட்டும் காருக்கு அந்தச் சின்னப் புல்லி எதற்கு என்று புரியவில்லை. பம்பும் விசிறியும் அதனால் மெதுவாகச் சுற்றும், நெரிசலில் சூடும் ஏறும். மறுபக்கம், ஆல்டர்னேட்டர் புல்லியை 2.25க்குக் குறைத்து, கிராங்க்கை 7 அங்குலமாக வைத்தால், 6000 சுற்றில் ஆல்டர்னேட்டர் 18,600ஐத் தாண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய டெல்கோ ஆல்டர்னேட்டர் ரோட்டர்களுக்கு அது ஆகாத வேகம்.

10 எஸ்.ஐ., 12 எஸ்.ஐ. என்ற டெல்கோ ஆல்டர்னேட்டர் வகைகளில் மூன்று ஒயர் இணைப்பே மேல். முதல் முனை எச்சரிக்கை விளக்கு வழியாக இக்னிஷனுக்கு. இரண்டாம் முனை வோல்டேஜ் உணர, முக்கிய மின் இணைப்பு பிரியும் இடத்துக்கு. தடித்த முனை பேட்டரிக்கு. விளக்கு ஃபியூஸ் போனால் சார்ஜும் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐடில், வேகம் எதிலும் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால், ஹெட்லைட், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த முனைக்கும் பேட்டரியின் கூட்டல் முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வையுங்கள். 0.3க்கு மேல் காட்டினால் ஒயர் போதவில்லை. தொழிற்சாலை போட்ட 10 கேஜ் ஒயர், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு அளந்தது. 140 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 4 கேஜ் ஒயரும் அதற்கேற்ற ஃபியூஸும் வேண்டும். உடலின் எர்த்துக்கும் இதே சோதனை. புதிதாகப் பெயின்ட் அடித்த பிராக்கெட் மின்சாரத்தை விடாது, சுரண்டிவிட்டுப் பொருத்துங்கள். கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் கார்களில் இந்த வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அவற்றில் மொத்த மின்னோட்டமும் டாஷ்போர்டு ஆம்மீட்டர் வழியாகப் போய் வரும். பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டு அதை அப்படியே விட்டால் ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) இருக்கும் கனெக்டர் கருகும், தீயே பிடிக்கலாம்.

## ஸ்டியரிங் முனகுகிறது அல்லது கனக்கிறது

கனமே மாறவில்லை, உதவியே இல்லை என்றால் தாளைப் பாருங்கள். ஸ்டியரிங் பம்ப் எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய் தள்ளாது. பெல்ட் பாதையைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள்.

முனகினால் எண்ணெயில் காற்று. முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருபது தடவையாவது திருப்புங்கள். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றுங்கள். நுரை இல்லாமல் வந்த பிறகே எஞ்சினைப் போடுங்கள். கிட்டோடு வரும் சின்னப் பம்பில் எண்ணெய்த் தொட்டி தனியாக இருந்தால், அது பம்பைவிட உயரமாக உட்கார வேண்டும். உறிஞ்சும் ஹோஸ் மடங்கக் கூடாது.

ஹோஸ் இணைப்பில் ஒழுகினால் மரையை அளக்கவும். பழைய வகை, கூம்பு முகம் பதியும் அங்குல மரை. 1980 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் ஓ-ரிங் வைத்த மெட்ரிக் மரைக்கு மாறியது. இரண்டு சுற்று ஏறிவிட்டதே என்று முறுக்கினால் பம்ப் மரை போய்விடும். பிரச்சினைக்கு இணைப்பு மாற்றி அடாப்டர்தான் மருந்து; டெஃப்லான் டேப் அல்ல.

## பெட்ரோல் வரவில்லை, அல்லது கிராங்க் அடிக்கவே கஷ்டப்படுகிறது

பெல்ட் மாற்றத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஸ்மால் பிளாக்கின் முன்முகத்தில், பயணி உட்காரும் பக்கம், பிராக்கெட்டுக்குப் பயன்படும் போல்ட் ஓட்டை ஒன்று பெட்ரோல் பம்பின் தள்ளுகோல் இருக்கும் துளைவரை திறந்திருக்கிறது. அங்கே நீளமான போல்ட் போட்டால் அது தள்ளுகோலை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் பம்பை மாற்றும்போது தள்ளுகோல் விழாமல் பிடிக்க வேண்டுமென்றே இந்த வித்தையைச் செய்வார்கள். தெரியாமல் செய்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் பெட்ரோல் வராது. வலுவாக இறுக்கியிருந்தால் கேம் மேடும் கோலும் சேதமாகும். கிட்டின் போல்ட்டைப் பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு, பிராக்கெட்டின் தடிமன் அளவு மட்டுமே கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

## எஞ்சின் அதிர்கிறது, டைமிங் தப்பாகக் காட்டுகிறது

கிட்டோடு பேலன்சரையும் மாற்றியிருந்தால் கவனம். 350க்கு உள் சமநிலை, அதாவது எடை கிராங்க்கிலேயே சரிசெய்யப்பட்டிருக்கும். 400 ஸ்மால் பிளாக்குக்கு வெளிச் சமநிலை, அதன் பேலன்சரில் எடை சேர்க்கப்பட்டிருக்கும். 400இன் பேலன்சரை 350இல் போட்டால் 2500 சுற்றிலேயே ஸ்டியரிங் நடுங்கும். ஃபோர்டு 302 வைத்திருப்பவர்களுக்கு இதே பொறி வேறு உருவில்: பழைய 302க்கு 28 அவுன்ஸ் சமநிலை, 1980களின் மஸ்டாங் 5.0க்கு 50 அவுன்ஸ். மஸ்டாங்கின் செர்பன்டைன் அமைப்பைப் பேலன்சரோடு சேர்த்து எடுத்துப் பழைய எஞ்சினில் மாட்டினால் பேரிங் போகும்வரை அதிரும். பழைய எஞ்சினுக்கென்று 28 அவுன்ஸில் செய்த பேலன்சரை வாங்குங்கள்.

டைமிங் லைட் 8 டிகிரி வித்தியாசம் காட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப அவசரப்படாதீர்கள். 1968 வரையிலான பேலன்சரில் குறிக்கோடு சாவிக் காடியின் (பேலன்சரைக் கிராங்க்கோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) நடுக்கோட்டிலிருந்து 2 டிகிரியில்; 1969இலிருந்து 10 டிகிரியில். பழைய டைமிங் முள்ளும் புதுப் பேலன்சரும் சேர்ந்தால் பொய்தான் சொல்லும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, அங்கே பிஸ்டன் நிறுத்தியைத் திருகுங்கள். கிராங்க்கைக் கையால் வலப்பக்கம் முட்டும்வரை திருப்பி ஒரு கோடு. இடப்பக்கம் முட்டும்வரை திருப்பி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவில்தான் பிஸ்டனின் உண்மையான மேல்நிலை. முள்ளை அதற்கு ஏற்பத் திருத்துங்கள்.

பேலன்சர் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. 60 அடி-பவுண்டு இறுக்கம். பழைய 283களில் கிராங்க் முனையில் மரையே இருக்காது. இறுக்கும் நம்பிக்கையோடு பேலன்சரைச் சுத்தியலால் அடிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எங்கிருந்து சத்தம் என்றே தெரியவில்லை

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை முப்பது நொடி ஓடவிடுங்கள். தண்ணீர் சுற்றாது, ஆகவே அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றால் குறை பெல்ட் சுற்றும் பாதையில். நிற்காவிட்டால் எஞ்சினுக்குள், பெல்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். நின்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். ஐட்லர் புல்லி சர்ர்ரென்று காற்றில் ஓடுவதுபோல் நெடுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. நல்ல பேரிங் இரண்டு மூன்று சுற்றில் நிற்கும். மணல் அரைப்பதுபோல் உணர்ந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்ப் புல்லியை இரு கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். துளி அசைந்தாலும் பம்ப் போய்விட்டது. ஏ.சி. கம்ப்ரசரில் முன் தகடும் புல்லியும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், ஏ.சி. அணைந்திருக்கும்போது தகடும் சேர்ந்து சுற்றினால் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கையில் ஒன்றும் தெரியாவிட்டால் பெல்ட்டை மாட்டி ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு பேரிங் மையத்துக்குப் பக்கத்து நிலையான பாகத்திலும் வைத்து, கைப்பிடியைக் காதருகே வையுங்கள். இறந்துகொண்டிருக்கும் பேரிங் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கரகரக்கும். முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள்.